ஏலகிரி ரிசார்ட்டில் கிரிக்கெட் அரங்கம் கட்டலாமா?

அன்புள்ள அண்ணா,

நான் ஆம்பூர்க்காரன். என் தாய்மாமா ஏலகிரியில் 30 அறை கொண்ட ஒரு ரிசார்ட் நடத்துகிறார். சென்னை, பெங்களூரிலிருந்து வார இறுதியில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஊஞ்சல், சின்ன நீச்சல் குளம், கேரம் போர்டு எல்லாம் இருக்கிறது. எல்லா ரிசார்ட்டிலும் இதுதானே இருக்கிறது என்பது மாமாவின் குறை. பின்பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தில் கிரிக்கெட் அரங்கம் ஒன்று கட்டலாம் என்கிறார். பந்து வீசும் மெஷின், பெரிய திரையில் சிமுலேட்டர், வீரர்களின் ஜெர்சியும் மட்டையும் வைத்த ஒரு கூடம், எல்லாவற்றுக்கும் தனி டிக்கெட். அத்தை வேண்டவே வேண்டாம் என்கிறார். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகனோ, டிஸ்னி வேர்ல்டிலேயே கூடைப்பந்துக்கென்று ஒரு கட்டடம் கட்டினார்களே, அவர்களுக்குத் தெரியாததா என்கிறான். யார் பக்கம் நியாயம்? அப்புறம், கட்டுவதாக இருந்தால் தோல் பந்தா, டென்னிஸ் பந்தா?

பெயர் வேண்டாம், ஆம்பூர்

அன்புள்ள தம்பி,

நான் உங்கள் அத்தை பக்கம். விளையாட்டே கூடாது என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மாமா மனதில் இருக்கும் இந்த அரங்கம் வேண்டாம் என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

சித்தப்பா மகன் சொன்னது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. டிஸ்னி வேர்ல்டில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்று கடைகளும் உணவகங்களும் நிறைந்த ஒரு பகுதி இருக்கிறது, உள்ளே போக டிக்கெட் கிடையாது. 1998 முதல் அங்கே டிஸ்னிகுவெஸ்ட் என்ற விளையாட்டுக் கூடம் இருந்தது. 2017இல் அதை மூடிவிட்டு, அதே இடத்தில் 2019 ஆகஸ்டில் என்பிஏ எக்ஸ்பீரியன்ஸ் என்ற கூடைப்பந்து அரங்கத்தைத் திறந்தார்கள். என்பிஏ என்பது அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக். பெரியவர்களுக்கு வரி தவிர 34 டாலர். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடினார்கள், மூடியது மூடியதுதான். சுற்றியிருந்த கடைகள் மே மாதமே திறக்க ஆரம்பித்தன, டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்கள் ஜூலையில் திறந்தன, இது மட்டும் திறக்கவில்லை. 2021 ஆகஸ்டில், இனி திறக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆக மொத்தம் ஓடியது ஏழு மாதம்.

கொரோனா ஒன்றே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பூங்காவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே பெரிய தொகை கட்டிவிட்டு வந்திருக்கும் குடும்பம், அதில் அப்பாவுக்கும் பெரிய பையனுக்கும் மட்டும் கூடைப்பந்துப் பைத்தியம் என்றால், தலைக்கு இன்னொரு 34 டாலர் கொடுத்து எல்லோரும் உள்ளே போவார்களா? இரண்டு பேர் போவார்கள், மற்றவர்கள் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு நேரத்தை ஓட்டுவார்கள். இத்தனைக்கும் உள்ளே நல்ல யோசனைகள் இருந்தன. கையை விரித்து அளக்கலாம், எவ்வளவு உயரம் குதிக்கிறோம் என்று பார்க்கலாம், குட்டையானவர்களும் பந்தை உள்ளே திணிக்கிற மாதிரி வளையத்தின் உயரத்தை மாற்றி வைத்திருந்தார்கள். ஆட்டமே தெரியாதவரும் செய்யக்கூடியவை இவை. ஆனால் அதற்கும் முதலில் டிக்கெட் வாங்கி வாசலைத் தாண்ட வேண்டுமே.

அதே டிஸ்னி வேர்ல்டில் 1997 முதல் ஒரு பெரிய விளையாட்டு வளாகம் இருக்கிறது, ஈஎஸ்பிஎன் வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ் என்று இப்போது பெயர். 2020 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை என்பிஏ தன் சீசனையே 22 அணிகளை அழைத்துக்கொண்டுவந்து அங்கேதான் நடத்தி முடித்தது. அந்தக் கூத்தெல்லாம் ஒரு தடவைதான். மற்ற நாளில் அங்கே நடப்பது பள்ளிப் பிள்ளைகளின் போட்டிகள். பிள்ளை ஆடுகிறான் என்றால் அப்பா, அம்மா, தாத்தா, தங்கை எல்லோரும் கூட வருவார்கள், ஆட்டம் முடிந்ததும் பூங்காவுக்குப் போவார்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கும் ஒரு பதைப்பு இருக்கிறது, ஏனென்றால் களத்தில் நிற்பது அவர்கள் வீட்டுப் பிள்ளை. அபுதாபியில் 2010இல் திறந்த ஃபெராரி வேர்ல்டு இன்னொரு வகை. பெயர்தான் கார் பந்தயம், அங்கே கூட்டம் போவது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரோலர் கோஸ்டருக்கு. யார் எந்தப் பந்தயத்தில் ஜெயித்தார் என்று தெரிந்துகொண்டு அதில் ஏற வேண்டியதில்லை.

சரி, நம் ஏலகிரிக்கு வருவோம். சனிக்கிழமை சாயந்திரம் மாமாவின் அரங்கத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பந்து வீசும் மெஷின் ஒன்றுதான். ஒருவருக்குப் பேடு கட்டி, ஹெல்மெட் மாட்டி, ஆறு பந்து போட்டு, கழற்றி அடுத்தவருக்குக் கொடுக்க நாலைந்து நிமிடம் ஆகும், அதுவும் சின்னப் பையன் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் கையில் இருந்தால். மணிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் ஆடலாம். 30 அறையும் நிரம்பினால் நூறு பேராவது இருப்பார்கள். அதில் பதினான்கு வயதுப் பையன்கள் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நிற்பார்கள், ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒரு முறை வந்து பந்தின் வேகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். அம்மாக்கள் வலைக்கு வெளியே எல்லோருடைய செருப்பையும் போனையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலிருந்து தப்பித்து இரண்டு நாள் மலைக்கு வந்த பெண்ணுக்கு இங்கேயும் பை காவல் வேலைதான் என்றால் அது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம். அத்தை கேட்ட கேள்விக்குள் இதுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், மாமா அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் தெருவுக்குத் தெரு டர்ஃப் என்கிற செயற்கைப் புல் மைதானம் வந்துவிட்டது, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து அவர்கள் அதையே ஏன் தேட வேண்டும்? ஜெர்சிக் கூடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள்.

அப்படியானால் என்ன வைக்கலாம்? போன கோடையில் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் தங்கியிருந்தோம். முற்றத்தில் ஒரு வளையப்பந்து வலை, பழைய ரப்பர் வளையம் ஒன்று. பிள்ளைகள் அதை என்னவென்று தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா வந்தார், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வளையத்தை வாங்கி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி வீசினார் பாருங்கள், வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு அடி தள்ளி விழுந்தது, அவர் கணவரால் தொடக்கூட முடியவில்லை. பள்ளியில் மாவட்ட அளவு வரை ஆடினாராம், அவர் பெண்ணுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். நம் ஊர் அரசுப் பள்ளிகளில் படித்த எத்தனையோ பெண்கள் கையில் இந்த ஆட்டம் இருக்கிறது. களம் 40 அடி நீளம், 18 அடி அகலம் போதும். வலை, இரண்டு கம்பம், நாலு வளையம், செலவு அவ்வளவுதான். எட்டு வயதும் அறுபது வயதும் எதிரெதிரே நின்று ஆடலாம், யாருக்கும் அடிபடாது.

பெருமையாகக் காட்ட ஏதாவது வேண்டும் என்று மாமா சொன்னால், அதற்கு மும்பைக்கும் ராஞ்சிக்கும் போக வேண்டாம், வேலூர் போதும். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பளு தூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018இல் கோல்டு கோஸ்டிலும் தங்கம். ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கலாம், 2019 வரை ஒரே மாவட்டம்தானே. அந்த 179 கிலோவை அப்படியே ஒரு மேடையில் வையுங்கள்: 20 கிலோ பார், பக்கத்துக்கு மூன்று சிவப்புத் தட்டு, ஒவ்வொன்றும் 25 கிலோ, அப்புறம் ஒரு 2 கிலோ தட்டு, இறுக்கிப் பிடிக்க இரண்டரை கிலோ காலர். அடியில் சங்கிலி போட்டு மேடையோடு கட்டிவிடுங்கள், உருளவும் கூடாது, உயரவும் கூடாது. வருகிறவர்கள் குனிந்து பிடித்துப் பார்க்கட்டும். அசையாத அந்த இரும்பை 77 கிலோ எடையுள்ள ஒருவர் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார் என்பது கைக்குத் தெரியும், பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். பக்கத்தில் எடை குறைந்த மரக்கம்பு நாலைந்து வைத்து எப்படிக் குனிய வேண்டும், எப்படி எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும். பளு தூக்கிப் பழகிய இளைஞர்கள் வேலூரில் கிடைப்பார்கள், வார இறுதிக்குச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகள் போட்டி நடத்தலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் அது பிடித்த யோசனைதான். ஆனால் மலையில் சமதளம் குறைவு, மைதானத்துக்காகச் சரிவை வெட்டி மரத்தைச் சாய்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இருக்கிற இடத்துக்குள் சின்னதாகச் செய்யுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன், தனிக் கட்டணம் வேண்டாம். அறை வாடகையில் சேர்த்துவிடுங்கள். காசு என்று வந்ததும் 'நீ போய் ஆடு, நான் இங்கேயே இருக்கிறேன்' என்று முதலில் ஒதுங்குவது அம்மாதான், அடுத்தது தாத்தா. விளையாடப் போகிறவர்கள் சேர்ந்து போக வேண்டுமென்றால் வாசலில் கவுண்ட்டர் இருக்கக் கூடாது.

கடைசியாக உங்கள் பந்துக் கேள்வி. இவ்வளவுக்குப் பிறகும் மாமா மெஷின் வாங்கியே தீருவேன் என்றால் தோல் பந்து வேண்டாம். டென்னிஸ் பந்தைப் போடுகிற மெஷின்கள் இருக்கின்றன, அல்லது குழி குழியான மென்மையான செயற்கைப் பந்து வாங்குங்கள். வேகத்தை ஏற்றும் சாவி ஊழியர் கையில் மட்டும் இருக்கட்டும். மூன்று பக்கமும் வலை போட்டால் போதாது, மேலேயும் போட வேண்டும், பக்கத்தில் நீச்சல் குளம் இருப்பதாகச் சொன்னீர்கள். பந்து பறந்தால் அங்கேதான் விழும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.