மாதம் 600 ரூபாயை நிறுத்தினால் ஆள் வேலைக்கு வந்துவிடுவாரா?

கேள்வி: வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையைக் குறைத்தால்தானே வேலைக்குப் போவார்கள்? தமிழ்நாட்டில் ஏன் யாரும் இதைப் பேசுவதில்லை?

கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் பட்டறையோ கடையோ நடத்துகிறவர், ஆள் கிடைக்காமல் நொந்து போயிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் எவ்வளவு பணத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா என்பது சந்தேகம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் தரப்படும் உதவித்தொகை இவ்வளவுதான்: பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. இதெல்லாம் ஒரு நாளுக்கு இல்லை, ஒரு மாதத்துக்கு. மூன்று ஆண்டு ஆனதும் நின்றுவிடும். பட்டதாரி ஒருவர் ஒரு மாதம்கூட விடாமல் வாங்கினாலும் மொத்தம் 21,600 ரூபாய். 2024-25ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அதாவது பத்தாவது தேறியவரின் ஒரு மாத உதவித்தொகை ஒரு நாள் ஏரி வெட்டும் கூலிக்குக்கூடக் காணாது. பட்டதாரியின் 600 ரூபாய் இரண்டு நாள் கூலிக்குக் குறைவு. இதை நம்பி வீட்டில் படுத்திருக்கிற ஆளை எனக்குக் காட்டுங்கள்.

(மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வேறு கதை. அதற்கும் வேலையின்மைக்கும் தொடர்பில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.)

இந்தப் பணமும் கேட்ட உடனே கிடைத்துவிடாது. கல்வித் தகுதியைப் பதிவு செய்து, இடையில் விடாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 45க்குள். கல்லூரியில் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் கிடையாது. அஞ்சல் வழியில் படித்தால் பரவாயில்லை. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அறவே இல்லை. 'பி.இ. முடித்துவிட்டு அரசுக் காசில் உட்கார்ந்து தின்கிறான்' என்று யாராவது சொன்னால், அந்தப் பையனுக்கு இந்தத் திட்டத்தில் பத்துப் பைசா வராது என்று சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விதி கொஞ்சம் இளக்கம்: பதிவு செய்து ஓராண்டு போதும், வருமான வரம்பு இல்லை, தொகை 600 முதல் 1,000 வரை, பத்து ஆண்டு.

72,000 என்றால் வீட்டுக்கே மாதம் 6,000. அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போய்ச் சம்பளத்தை உள்ளபடி சொன்னாலே வரம்பு தாண்டிவிடும்.

விண்ணப்பிக்கிறவர்கள் சறுக்குகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதலாவது புதுப்பித்தல். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அட்டையில் போட்டிருக்கிற மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் பழைய பதிவு மூப்பு போய்விடும், ஐந்து ஆண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை அறிவிக்கும். அதை நம்பி இருக்காதீர்கள். இரண்டாவது, பட்டம் வாங்கியும் அதை அலுவலகத்தில் பதியாமல் விடுவது. பதியாத பட்டத்துக்கு 600 கேட்க முடியாது, பிளஸ் டூவுக்கான 400தான். மூன்றாவது சுய உறுதிமொழி ஆவணம். பணம் வரத் தொடங்கிய பிறகும் ஆண்டுதோறும் 'எனக்கு இன்னும் வேலை இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். பலர் இதைத் திட்டத்தையே மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்று ஒரு வதந்தி வேறு. ஆகாது.

வெளிநாட்டு உதாரணத்தோடு வருவீர்கள் என்று தெரியும், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் சந்தா கட்டி வேலை பார்த்து, அந்த வேலை போனவருக்குக் கையில் வாங்கிய சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம், பெரும்பாலோருக்கு அதிகபட்சம் ஓராண்டு கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில், காலம் நீண்டால் வேலை தேடும் வேகம் ஓரளவு குறையும் என்பதைப் பொருளியல் படித்தவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் 2021ல் வாரம் 300 டாலர் கூடுதல் உதவியைப் பாதி மாநிலங்கள், செப்டம்பரில் தானாக முடிய இருந்ததை, ஜூன், ஜூலையிலேயே நிறுத்திப் பார்த்தன. கொஞ்சம் பேர் வேலைக்குப் போனார்கள். நிறுத்தியவர்கள் சொன்ன அளவுக்கு இல்லை. சம்பளத்தில் பாதிக்கு மேல் தருகிற நாட்டில் பேச வேண்டிய வாதத்தை, நாளுக்கு 20 ரூபாய் தருகிற ஊரில் பேசுவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நம் ஊரில் உண்மையிலேயே வாங்கிய சம்பளத்தைக் கணக்கில் வைத்துத் தருகிற வேலையின்மை உதவி ஒன்று உண்டு. அது தொழிலாளர் அரசு காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் சராசரி நாள் சம்பளத்தில் 25 சதவீதம் என்று தொடங்கி, கொரோனா நேரத்தில் 50 சதவீதம் ஆக்கினார்கள். தற்காலிகத் திட்டம் என்பதால் நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் நீட்டிப்பு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் 90 நாள்.

கணக்கு இப்படி: கடைசி நான்கு சந்தாக் காலங்களின், அதாவது இரண்டு ஆண்டுகளின், மொத்தச் சம்பளத்தை 730 ஆல் வகுத்து, அதில் பாதி. மாதம் 15,000 என்றால் 3,60,000ஐ 730 ஆல் வகுக்க நாளுக்கு 493 ரூபாய் சொச்சம். பாதி 246 ரூபாய் 58 காசு. 90 நாளுக்கு 22,192. அதே ஆளுக்கு முதலாளி கணக்கில் 12,000 மட்டும் காட்டி மீதியைக் கவரில் கொடுத்திருந்தால் 17,753தான் வரும். ஏறத்தாழ 4,400 ரூபாய் காணாமல் போயிற்று.

தகுதியில்தான் பெரிய அடி. குறைந்தது இரண்டு ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு நேர் முந்தைய சந்தாக் காலத்தில் (ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச்) குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். 26 நாள் வேலை பார்த்தவருக்கு 12 நாள் என்று காட்டுகிற வழக்கம் சில கம்பெனிகளில் உண்டு. ஆறு மாதத்துக்கு 72 நாள் ஆயிற்று. ஆறு நாள் குறைவதால் மொத்தத் தொகையும் போச்சு. இன்னொன்று, ஆளை நிறுத்தும்போது 'நானே விலகிக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்குவது. முதலாளி மாதச் சந்தா தாக்கல் செய்யும்போது ஒருவருக்கு வேலை நாள் பூஜ்யம் என்று காட்டினால், அதற்கு ஒரு காரணம் போட வேண்டும். வேலை இல்லை என்றோ ஆட்குறைப்பு என்றோ போடாமல் 'விலகிவிட்டார்' என்று போட்டுவிட்டால் அந்தத் தொழிலாளி அலைய வேண்டியதுதான். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு, விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் உதவி கிடையாது. மற்றவர்கள் வேலை போய் 30 நாள் கழித்து, முதலாளியைக் கேட்காமல் தாங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆதார், வங்கிக் கணக்கு விவரம் தயாராக இருக்கட்டும்.

எல்லா முதலாளியும் இப்படி என்று சொல்லவில்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆதார் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு நிற்கிறது. மாற்றுச் சான்றிதழில் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகேசன்', வங்கிப் புத்தகத்தில் 'செல்வி மு', கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் அட்டையில் கணவர் இனிஷியல். ஆள் ஒருவர்தான், கணினிக்கு நான்கு பேர். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஒரே எழுத்தில், ஒரே இடைவெளியோடு, புள்ளி இருந்தால் புள்ளியோடு ஒன்றாக்கிவிடுங்கள். சாப்பிட வழியில்லாதவரிடம் இனிஷியலுக்கு விளக்கம் கேட்கிற படிவத்தை எவர் வடிவமைத்தாரோ!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆள் வேண்டுமென்றால் உதவித்தொகையைக் கைகாட்டுவதைவிட, தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையத்தில் உங்கள் காலியிடத்தைப் பதியுங்கள், கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களிலும் ஒரு மேஜை கேளுங்கள். பதியும்போது சம்பளம் என்ற கட்டத்தில் 'நேரில் பேசிக்கொள்ளலாம்' என்று போடாமல் தொகையைப் போடுங்கள். வேலை நேரத்தையும், இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா இல்லையா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.