கேஷும் காசும்

அன்புள்ள ஐயா,
எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறித்து, அன்றைக்கே வாங்குகிற கூலியைக் கைக்காசு என்போம். ஆபீசில் அதையே கேஷ் என்கிறார்கள். ஆங்கிலத்தில் உள்ள கேஷ் நம்முடைய காசிலிருந்து போனதுதான் என்று மகனின் ஆசிரியர் வகுப்பில் சொன்னாராம். கொழும்பில் படிக்கும் என் தங்கை மகளோ அது லத்தீன் என்று அடித்துச் சொல்கிறாள். வீட்டில் இரண்டு கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்?
வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள நண்பருக்கு,

ஆசிரியர் பக்கம் நிற்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஆபீசில் சொல்லும் அந்த கேஷ், உங்கள் தங்கை மகள் சொல்கிறபடி லத்தீன் வழி வந்ததுதான். லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது பணப்பெட்டிக்கும் கேஷ்தான், அதற்குள் இருந்த பணத்துக்கும் கேஷ்தான். பிறகு பெட்டி கழன்றுகொண்டது, பணம் மட்டும் நின்றது. சூட்கேஸில் வரும் கேஸ், மருந்து காப்ஸ்யூல், பாட்டுக் கேசட் எல்லாமே அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்.

அதற்காக ஆசிரியர் சும்மா சொல்லிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பெரிய ஆங்கில அகராதிகளில் கேஷ் என்று இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. இரண்டாவது நம்முடையது. இந்தப் பக்கம் வந்த போர்த்துக்கேயர் காசு என்பதைக் கேட்டு, காய்ஷா என்று எழுதிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் காய்ஷா என்றாலும் பெட்டிதான், அதே லத்தீன் சொல்! ஆங்கிலேயர் அதை வாங்கி கேஷ் ஆக்கினார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் காசில்தான் கணக்கு வைத்தது. 80 காசு சேர்ந்தால் பணம் என்ற நாணயம் ஒன்று, 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற பொன் நாணயம் ஒன்று. பணத்தையும் விட்டுவைக்காமல் ஃபனம் என்று எழுதினார்கள். 1808இல் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்திலேயே அடித்து, மேலே கேஷ் என்று பொறித்து அனுப்பினார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் மூழ்கிவிட்டது. பிற்காலத்தில் கடலுக்கடியிலிருந்து அள்ளிய அந்த நாணயங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் விலைக்குக் கிடைக்கின்றன. அப்புறம், சீனர்களின் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். சீனர்கள் அப்படிச் சொன்னதே இல்லை. அந்தப் பெயரும் நம் காசு போர்த்துக்கேயர் வாய்வழியாகப் போனதுதான்.

கைக்காசு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், அது கேஷின் தமிழாக்கம் அல்ல. கம்பெனிக்காரன் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்று ஒரு நாணயம் வருகிறது. நம் பக்கத்து வீட்டுச் சிங்களவரும் நாணயத்தைக் காசி என்றுதான் சொல்கிறார்.

நம் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களை வகுப்பில் சொல்ல வேண்டுமென்றால் ஆசிரியருக்கு வேறு சரக்கு இருக்கிறது: சுருட்டு செரூட் ஆனது, கட்டுமரம் கட்டமரான் ஆனது, மிளகுத்தண்ணி மல்லிகட்டானி என்ற சூப்பாகிப் போனது. அவற்றில் எந்தத் தங்கை மகளும் குறுக்கே வர முடியாது.