சர்ரே பொலிஸுக்கு மாற நினைக்கும் அனுபவசாலிகளுக்கு: கேள்வி பதில்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள சர்ரே நகரை 1951 முதல் மத்திய அரசின் பொலிஸான ஆர்.சி.எம்.பி.தான் காவல் செய்தது. 2018 நவம்பரில் நகரசபை சொந்தப் பொலிஸ் அமைக்க வாக்களித்தது. இழுபறிக்குப் பிறகு 2024 நவம்பர் 29-ல் பொறுப்பு சர்ரே பொலிஸ் சேவையின் கைக்கு வந்தது. இந்த மாகாணத்து நகரப் பொலிஸ்களுக்காக விண்ணப்பதாரர்களின் பின்புல விசாரணை செய்தவன் நான். ஏற்கனவே பொலிஸில் இருந்துகொண்டு மாற நினைப்பவர்களின் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்ராறியோவின் பீல் பொலிஸில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். சர்ரே வந்தால் மறுபடி அகடமியில் உட்கார வேண்டுமா? (பிரம்டன்)

வேண்டாம். கனடாவில் பயிற்சி பெற்று இப்போதும் பணியில் இருப்பவரை அனுபவசாலி என்ற பிரிவில்தான் எடுப்பார்கள். உங்கள் தகுதிகளைச் சரிபார்த்து, மாகாணச் சட்டத்தையும் உள்ளூர் நடைமுறையையும் சொல்லித்தரும் சுருக்கமான பயிற்சி இருக்கும். புதியவர்கள் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள ஜஸ்டிஸ் இன்ஸ்டிட்யூட்டில் செய்யும் முழுப் பயிற்சி உங்களுக்கு இல்லை.

ஒன்ராறியோவிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் வேறு. உங்கள் மாகாணத்தின் வேலைத்தரச் சட்டம் பொலிஸ் விண்ணப்பதாரரைக்கூடப் பொய்யறியும் கருவியில் உட்கார வைக்கக்கூடாது என்கிறது. இங்கே நகரப் பொலிஸ்களில் அது வழக்கமான ஒரு படி. பல வருடம் சேவை செய்த ஆட்களே அந்த நாற்காலியில் முதல் முறையாக உட்காரும்போது வியர்த்துவிடுகிறார்கள். பயப்படத் தேவையில்லை, ஆனால் எதையும் மறைக்காதீர்கள். இருபது வயதில் செய்த சின்ன விஷயம் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. அதை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டதுதான் தள்ளுகிறது.

ஆர்.சி.எம்.பி.யில் 16 வருடம். மாறினால் பென்சன் என்ன ஆகும்? (லாங்லி)

இன்று வந்ததில் மிக முக்கியமான கேள்வி இது. சம்பளத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

உங்கள் பென்சன் மத்திய அரசின் திட்டம். சர்ரேயில் சேர்ந்தால் மாகாணத்தின் நகராட்சி ஊழியர் திட்டம். பழையதிலிருந்து பணத்தை மாற்றும்போது, அந்தத் தொகைக்குத் தன் கணக்கில் எத்தனை வருடம் தரலாம் என்று புதிய திட்டம் கணக்குப் போடும். உதாரணத்துக்கு, 16 வருடம் அந்தப் பக்கம் 13 ஆக இறங்கலாம். மிச்சத்தைக் கைக்காசு போட்டு வாங்கலாம், அல்லது விட்டுவிடலாம். இன்னொரு வழி, பழைய பென்சனை அங்கேயே விட்டுவிட்டு இங்கே புதிதாகத் தொடங்குவது. எது நல்லது என்பது உங்கள் வயதைப் பொறுத்தது.

ஆர்.சி.எம்.பி.யில் 25 வருடம் என்பது பெரிய கோடு. அதைத் தாண்டியவர் குறைப்பில்லாத பென்சனை வாங்கிக்கொண்டே நகரப் பொலிஸில் புதுச் சம்பளமும் வாங்கலாம். 22, 23 வருடத்தில் நிற்பவர் அவசரப்பட்டால் இழப்பது அதிகம். இரண்டு திட்டங்களிடமிருந்தும் எழுத்தில் கணக்கு வாங்குங்கள். தேநீர்க்கடையில் சக ஊழியர் சொன்ன கணக்கை நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் சப்-இன்ஸ்பெக்டர். நேரடியாகச் சேரலாமா? (மதுரை)

முடியாது. முதலில் நிரந்தர வதிவிட உரிமை வேண்டும். அப்புறம் புதியவராக விண்ணப்பித்து முழுப் பயிற்சி செய்ய வேண்டும்.

சம்பளம் எவ்வளவு அண்ணை? (ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ்)

சர்ரே பொலிஸ் யூனியனின் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதைப் படியுங்கள்.

வேலையை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் கெதியாக நடக்குமா?

விடாதீர்கள். நிபந்தனை எல்லாம் முடிந்து கையெழுத்திட்ட வேலைக் கடிதம் கையில் வரும்வரை ராஜினாமா என்ற பேச்சே வேண்டாம். பின்புல விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும்.

மன்னிக்கவும், இதெல்லாம் ஆட்களைத் திருடுவது அல்லவா? ஒரு நகரம் பணம் செலவழித்துப் பயிற்றுவித்தவரை இன்னொரு நகரம் தூக்கிக்கொண்டு போகிறது. (வன்கூவர்)

கோபம் புரிகிறது. ஆனால் புதிய பொலிஸ் சேவையை வெறும் புதியவர்களை வைத்து நடத்த முடியுமா? நள்ளிரவில் கத்திக்குத்து நடந்த வீட்டு வாசலில் ஒரு வருட அனுபவமுள்ள மூன்று பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். யார் உள்ளே போவது, யார் சாட்சியைத் தனியாகப் பிரிப்பது, யார் இடத்தைப் பூட்டுவது என்று சொல்ல ஒரு சார்ஜன்ட் வேண்டும். அந்த சார்ஜன்டை அகடமி உருவாக்காது, வருடங்கள்தான் உருவாக்கும். அதனால்தான் முதலில் மேலதிகாரிகளை வெளியிலிருந்து எடுத்தார்கள்.

அப்படியானால் எங்கள் இரவு ஷிப்டில் விழுந்த ஓட்டையை யார் அடைப்பது? (மீண்டும் வன்கூவர்)

நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஜஸ்டிஸ் இன்ஸ்டிட்யூட்டின் இருக்கைகளை எல்லா நகரப் பொலிஸ்களும் பங்கிடுகின்றன. ஒரு பெரிய சேவை புதிதாகப் பிறந்தால் அந்த வரிசை நீள்கிறது. 2023-ல் மாகாணம் இருக்கைகளைக் கூட்டியதும் இதனால்தான். அனுபவசாலிகளை மட்டும் எடுத்துத் தன் பங்குக்குப் புதியவர்களைப் பயிற்றுவிக்காத சேவை அயலவருக்கு அநியாயம் செய்கிறது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் அதிகாரி எந்த நகரத்தின் சொத்தும் அல்ல. ஆர்.சி.எம்.பி.யில் இருப்பவர் எந்த மாகாணத்துக்கும் மாற்றப்படலாம். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து முடிக்க வேண்டும் என்று நகரப் பொலிஸுக்கு வருபவரைத் திருடப்பட்டவர் என்று சொல்லாதீர்கள். ஆளை வைத்திருக்க விரும்பும் நகரம் அவருடைய ஷிப்டையும் பதவி உயர்வையும் சரிசெய்யட்டும். வெளியேறுபவர்களிடம் காரணம் கேட்டிருக்கிறேன். பணத்தை முதலாவதாகச் சொன்னவர்கள் குறைவு.

ஒழுங்கு நடவடிக்கையில் ஒரு முறை தண்டனை. வாய்ப்பு இருக்கிறதா?

என்ன குற்றம் என்பதைப் பொறுத்தது. தாமதம், வாகன விபத்து போன்றவை தாண்டக்கூடியவை. பொய் சொன்னதாகத் தீர்ப்பு இருந்தால் மிகக் கடினம். 2009-ல் மக்நீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி, வழக்கோடு தொடர்புள்ள பொலிஸ்காரரின் கடுமையான ஒழுங்கீனப் பதிவு எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போகும். நேர்மை கேள்விக்குள்ளானவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாவிட்டால் எந்தச் சேவைக்கு அவர் பயன்படுவார்? கோப்பை முழுதாகத் திறந்து காட்டுங்கள். மறைக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதற்கும்தான்.

ராஜினாமா செய்துவிட்டேன், இனி எப்போது விண்ணப்பிக்கலாம்?

இன்றே. மற்றவர்கள், மேலே எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள்.

தேர்தலில் ஆட்சி மாறினால் மறுபடி குழப்பம் வராதா?

நியாயமான பயம். 2021 நவம்பர் 30-ல் சர்ரே பொலிஸின் முதல் 29 பேர் பணிக்கு இறங்கியபோது ஆர்.சி.எம்.பி.யின் கட்டளையின் கீழ்தான் வேலை செய்தார்கள். ஒரே ஷிப்டில் இரண்டு சீருடை, இரண்டு யூனியன். 2022 அக்டோபரில் ஆர்.சி.எம்.பி.யையே வைத்துக்கொள்வேன் என்ற பிரெண்டா லாக் மேயரானார். பழைய வேலையை விட்டு, வீட்டை விற்றுக் குடும்பத்தோடு வந்தவர்கள் இந்த வேலை இருக்குமா என்று தெரியாமல் ரோந்து போனார்கள். 2023 ஜூலையில் மாகாணம் மாற்றத்தைத் தொடர உத்தரவிட்டது, அதை எதிர்த்து நகரம் போட்ட வழக்கு 2024 மே மாதம் தள்ளுபடியானது. இன்று நிலைமை வேறு. சட்டப்படி நகரத்தின் பொலிஸ் இதுதான்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

நீங்கள் செய்த ஒரு விசாரணையைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொல்வார்கள். பத்திரிகையில் வந்த பெரிய வழக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்களே குறிப்பு எழுதி, நீங்களே சாட்சி சொன்ன ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குறிப்பேட்டை முந்தைய இரவு ஒரு முறை வாசித்துவிட்டுப் போங்கள்.