செட்டாப் பாக்ஸைக் கம்ப்யூட்டராக்க முடியுமா?

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வீட்டில் சும்மா கிடக்கும் கேபிள் செட்டாப் பாக்ஸைப் பையன் படிக்கக் கம்ப்யூட்டராக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெட்டியை வைத்து முடியாது. சேனலைத் திறந்து காட்டுவதற்கென்றே செய்தது அது. நினைவகம் குறைவு, வேறு மென்பொருள் ஏற்ற முடியாதபடி பூட்டியும் இருப்பார்கள். பல இடங்களில் பெட்டி ஆபரேட்டருடைய சொத்து. திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் வேறு சாதி. யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செருகினால் பிரவுசர், யூடியூப் பாடம், தட்டச்சு எல்லாம் ஓடும். அம்லாஜிக் எஸ்905 வகைச் சிப் உள்ளதென்றால், பல மாடல்களில் ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை மெமரி கார்டிலிருந்தே ஓட்டலாம். கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளும் கிடைக்கும். லினக்ஸில் சில மாடல்களில் வைஃபை வேலை செய்யாது, அதனால் லேன் கேபிள் துளை உள்ளதாகப் பாருங்கள். ராம் என்ற நினைவகம் 2 ஜிபி இருந்தால் ஒப்பேற்றும், 4 ஜிபி நல்லது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ராம் அளவை அப்படியே நம்பாதீர்கள்! சில மலிவுப் பெட்டிகளில் விற்பனைக்கு வரும்போதே வைரஸ் இருந்தது 2023இல் அம்பலமானது. பேங்க் வேலைக்குத் தொடாதீர்கள்.

பல பெட்டிகள் 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் ஓடுபவை, அதாவது 10 வாட்டுக்குள். புயல் நேரத்தில் கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரியில், அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிவிடலாம், டிவிக்குத்தான் இன்வெர்ட்டர் தேவைப்படும். அப்புறம், உப்புக்காற்று. கடலைப் பார்த்த ஜன்னலோரம் பெட்டியை வைக்காதீர்கள், எச்டிஎம்ஐ முனை சீக்கிரம் துருவேறும்.