இரண்டு ‘ள’

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரன் நான். வீட்டில் தெலுங்குதான். ஆனாலும் பத்தாம் வகுப்பில் தமிழில் 91 எடுத்தேன். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையிலிருந்து விலக்கு கொடுத்தார்களே, எதற்கு? எனக்கு அது வெறும் சலுகையாகத்தான் தெரிகிறது.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் தமிழ் பள்ளிக்கூடத்திலா வந்தது? கம்மாக்கரையில், டீக்கடையில், பஸ்ஸில் வந்தது. மூன்று வயதிலேயே வந்திருக்கும்.

என் வகுப்பில் கயத்தாறு பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். மதியம் அவன் அம்மா தூக்குச்சட்டியோடு வந்தால் ஜன்னலோரம் தெலுங்கில் பேசுவான், அதே மூச்சில் திரும்பி “வாங்கலே சாப்பிடலாம்” என்பான். ஒருநாள் கட்டுரையில் நான் ‘வாளப்பளம்’ என்று எழுதிவிட்டேன். வாத்தியார் இரண்டு ‘ள’வையும் சிவப்பு மையில் வட்டம் போட்டார். நம் ஊர் நாக்கு அப்படி. அவன் சரியாக ‘வாழைப்பழம்’ எழுதியிருந்தான். ஆனால் தெலுங்கில் தன் பெயரை எழுத அவனுக்குத் தெரியாது. அது எங்கள் யாருக்கும் குறையாகப் படவில்லை.

சரி, ஓசூருக்கு வருவோம். தெலுங்கு வழிப் பள்ளியில், தெலுங்கு பேசும் தெருவில் வளரும் பிள்ளைக்கு உங்கள் டீக்கடை கிடையாது. அதற்கு வாத்தியார் வேண்டும். 2006 தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் ஒன்றாம் வகுப்பில் கட்டாயமாகி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்புக்கு வந்தது. தாளில் பத்து வருஷ அவகாசம். தமிழ் சொல்லிக்கொடுக்கத் தகுந்த ஆசிரியர்களை இந்தப் பள்ளிகளுக்குப் போடவில்லை என்பதுதான் விலக்கு கேட்டு வழக்குப் போட்ட மொழிச் சிறுபான்மையினரின் முக்கியமான புகார். அப்புறம் விலக்கும் தவணை முறையில் வந்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆண்டுக்கு விலக்கை நீட்டித்தது. பரீட்சை ஏப்ரலில். தமிழ்த்தாள் எழுத வேண்டுமா வேண்டாமா என்று பிப்ரவரி வரை தெரியாமல் ஒரு பிள்ளை என்னத்தைப் படிக்கும்? நீங்கள் சலுகை என்கிறீர்கள். எனக்கு அது அலைக்கழிப்பாகத்தான் படுகிறது.

காலத்துக்கும் விலக்கு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கேயே வாழப்போகிற பிள்ளை பட்டாவை வாசிக்க இன்னொருவரிடம் நீட்டக்கூடாது. தமிழ் வேண்டும். ஆனால் முதலில் வாத்தியார், அப்புறம் பரீட்சை. அதோடு, அந்தப் பிள்ளை தாய்மொழித் தாளில் வாங்கும் மார்க்கும் கூட்டலில் சேர வேண்டும். மொத்தத்தில் சேராத தாளுக்கு எந்த வீட்டில் விளக்கு எரியும்?

இன்னொன்று. 1956 நவம்பர் 1 வரை நம் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மாநில எல்லைக் கோடு கொஞ்சம் கிழக்கே நின்றிருந்தால், மனு எழுதிக்கொண்டு நிற்பது நம் ஆட்களாக இருந்திருக்கும். கேரளத்துத் தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் கேள்வித்தாள் கேட்டால் அதையும் சலுகை என்பீர்களா?

கயத்தாறு நண்பன் போன வாரம் பேசினான். பேரனோடு உட்கார்ந்து தானும் தெலுங்கு எழுத்து படிக்கப்போகிறானாம், அரிச்சுவடி கேட்டான். திருநெல்வேலிக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பக்கம் கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று உங்களுக்கு.