கிரிக்கெட் கோச்சிங் போயும் பையனுக்கு எடை ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: என் மகனுக்குப் 10 வயது முடிந்துவிட்டது. உயரம் 138 செ.மீ., எடை 44 கிலோ. ஒரே வருடத்தில் 7 கிலோ கூடியிருக்கிறது. தைராய்டு பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு மணி நேரம் கிரிக்கெட் கோச்சிங் போகிறான். மற்ற நாட்களில் பள்ளி, டியூஷன், அப்புறம் மொபைல்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கீழே விளையாட ஆளில்லை. பார்க்கிங்கில் பந்து அடித்தால் திட்டுகிறார்கள். பின்கழுத்தில் கறுப்பாக இருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. “வளர வளர சரியாகிவிடும்” என்கிறார் மாமியார். தினமும் 500 ஸ்கிப்பிங் போடச் சொல்லலாமா? ஜிம்மில் சேர்க்கலாமா?
(ஒரு வாசகி, சென்னை)

பதில்: முதலில் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. பின்கழுத்து, அக்குள், சில பிள்ளைகளுக்குத் தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தால், உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வேலை நடக்காததால் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. மிதமிஞ்சிய அந்த இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிவிடுவதால்தான் இந்தக் கறுப்பு. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தால் தோல் புண்ணாகி மேலும் கறுக்கும். எடை சீரானால் இந்தக் கறுப்பு மெல்ல மங்கும், க்ரீம் எதுவும் தேவையில்லை.

அடுத்து எடை. 44 கிலோவை 1.38 மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 23.1 வருகிறது. பெரியவர்களுக்கு இது பெரிய எண் இல்லை என்பதால் பல பெற்றோர் இங்கேதான் ஏமாந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வயதுக்கு வயது கணக்கு மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு 18.5ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4ஐத் தாண்டினால் உடல் பருமன். இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரே எடையிலும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாக இருப்பதால், இந்தியக் குழந்தைகள் மருத்துவர்கள் தனி அட்டவணையே வைத்திருக்கிறார்கள். எந்த அட்டவணையில் பார்த்தாலும் உங்கள் மகன் பருமன் பிரிவில்தான் வருகிறான்.

வீட்டிலேயே இன்னொன்றும் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். சட்டை மேல் அளக்கக் கூடாது. வயிற்றை எக்கிக்கொள்ளவும் விடக் கூடாது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். இவனுக்கு அந்த வரம்பு 69 செ.மீ. அதற்கு மேல் போனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

“வளர வளர சரியாகிவிடும்” என்பதற்கு வருகிறேன். தானாகச் சரியாவதில்லை. பருமனான பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் டீன் ஏஜிலும் பருமனாகவே இருக்கிறார்கள். டீன் ஏஜில் பருமனாக இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெரியவர்களானபின்னும் அப்படியே. ஆனால் மாமியார் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்த வயதில் பையன் வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. உயர்வான். எடை இதே 44இல் நின்றால், அடுத்த வருடம் 143 செ.மீ. உயரத்தில் பிஎம்ஐ 21.5 ஆகிவிடும். 11 வயதுக்குப் பருமன் கோடு 22.5. அதாவது ஒரு கிலோகூடக் குறையாமலே அவன் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறான். ஆகவே நம் இலக்கு எடையைக் குறைப்பது இல்லை, நிறுத்துவது. பட்டினி, இரவுச் சாப்பாட்டை வெட்டுவது, சோறே கூடாது என்பது எல்லாம் வளரும் பிள்ளைக்கு வேண்டாம்.

தைராய்டை ஒரு முறை பார்த்தாயிற்று, போதும். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். ஹார்மோன் கோளாறால் குண்டாகும் பிள்ளை பொதுவாக உயரத்தில் பின்தங்கிவிடும். உங்கள் மகன் வயதுக்குரிய சராசரி உயரத்தில் இருக்கிறான். மாறாக இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்: வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், ஈரலுக்கு எஸ்ஜிபிடி, கூடவே பிள்ளைகளுக்கான கைப்பட்டை வைத்து ரத்த அழுத்தம். கழுத்துக் கறுப்பு இருப்பதால் இவை அவசியம். சிறிய பட்டையைக் குண்டான கையில் கட்டினால் அழுத்தம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும்; பட்டை பொருந்துகிறதா என்று கவனியுங்கள்.

இனி விளையாட்டு. இந்தப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை கோச்சிங்குக்கு ஒரு கடிகாரத்தோடு போய் உட்காருங்கள். உங்கள் மகன் மூச்சு வாங்கும்படி ஓடிய நிமிடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நெட்டில் 12 பையன்கள் இருந்தால் ஒருவன் பேட் பிடிக்கிறான், ஒருவன் பந்து போடுகிறான், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் அரை மணி ஓட்டம் கிடைத்தால் அதிகம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். கோச்சிங்கில் கிடைப்பதோ 60. கோச்சிங்கை நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்டத்தின் நுணுக்கம் கற்க அது நல்லது. ஆனால் தெருவில் தினமும் நடந்த ஆட்டத்துக்கு அது ஈடாகாது. பெற்றோர் காசு கட்டி, வண்டியில் கொண்டுபோய் விட்டு, “விளையாடத்தானே அனுப்புகிறோம்” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை.

பிள்ளைகளின் உடல் ட்ரெட்மில்லுக்கு ஆனதில்லை. அவர்கள் சில நொடி வெறியோடு ஓடுவார்கள், நிற்பார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி ஓடுவார்கள். கிளித்தட்டு, கல்லா மண்ணா, கோ-கோ எல்லாமே இந்த விட்டு விட்டு ஓடும் தாளத்தில் அமைந்தவை. அதனால்தான் ஒரு மணி நேரம் போவதே தெரிவதில்லை. ஜிம்மில் பத்தாவது நிமிடமே பிள்ளை கடிகாரத்தைப் பார்ப்பான். இந்த வயதில் ஜிம் வேண்டாம்.

500 ஸ்கிப்பிங்கும் வேண்டாம். ஒவ்வொரு குதிப்பிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமை முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்குகிறது. முதல் வாரமே முட்டி வலிக்கும், மறு வாரம் கயிறு ஆணியில் தொங்கும். ஆசைப்பட்டால் ஷூ போட்டுக்கொண்டு 20 குதி, ஒரு நிமிட ஓய்வு, இப்படி ஐந்து தடவை. சிமென்ட் தரையைவிட மண்தரை நல்லது.

நேரத்தை எங்கே பிடிப்பது என்றால், பள்ளி விட்டு வந்தவுடன். பையைப் போட்டான், முகம் கழுவினான், ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு கொய்யாவோ சாப்பிட்டான், உடனே கீழே இறங்கிவிட வேண்டும். சோபாவில் சாய்ந்து மொபைலைக் கையில் எடுத்துவிட்டால் அதன்பின் எழுப்புவது பெரும்பாடு. எனவே திரை என்பது விளையாடி வந்த பிறகுதான். இந்த ஒரு வரிசையை மட்டும் விடாமல் காப்பாற்றுங்கள். டியூஷனை ஆறரைக்குத் தள்ளுங்கள்; முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது குறையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல். வெயிலில் விளையாடும் பிள்ளை தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்கட்டும். வெறும் தண்ணீர் போதும், கலர் பானம் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் 20 நிமிடம். அடுத்த மூன்று வாரம் 35. இரண்டாம் மாத முடிவில் 60. எடுத்தவுடன் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் கால் வலியில் படுத்துவிடுவான். வேகம் சரியா என்று அறிய எளிய வழி: ஓடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இடம்தான் உங்கள் நிஜமான கஷ்டம். பார்க்கிங்கில் திட்டு வாங்குவது பந்தால். பந்தில்லாத ஆட்டங்களுக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். நொண்டி, லாக் அண்ட் கீ, குலை குலையா முந்திரிக்கா. குடியிருப்புச் சங்கத்தில் பொதுவாக “பிள்ளைகளை விளையாட விடுங்கள்” என்று கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். “ஐந்தரை முதல் ஆறரை வரை, இந்த மூலை மட்டும், ஒரு பெரியவர் கூட இருப்பார், பந்து கிடையாது” என்று எழுதிக் கொடுங்கள். நான்கு வீட்டுப் பெற்றோர் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு வாரம் ஒன்றிரண்டு நாள்தான் வரும். அந்தப் பெரியவரின் முதல் வேலை, ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகளைக் கவனிப்பது. மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் பையனின் நெஞ்சு உயரத்துக்காவது இருக்க வேண்டும். சுவரோரம் ஏறி நிற்க டிரம்மோ கல்லோ கிடக்கக் கூடாது. மாடியிலும் பந்து வேண்டாம், பந்தைப் பிடிக்கப் போய்த்தான் பிள்ளைகள் எக்குகிறார்கள். “ஆளில்லை” என்கிறீர்கள். ஒரே வயதில் தேடாதீர்கள். ஏழு வயதுப் பெண், பதின்மூன்று வயது அண்ணன் என்று எல்லா வயதையும் சேர்த்தால் நான்கு பேர் ஆகிவிடுவார்கள், நான்கு பேர் போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பருமனான பையன் விளையாட்டை விடுவது பெரும்பாலும் சோம்பலால் இல்லை. முதலில் அவுட் ஆகிறான், ஓரமாக உட்கார்த்தி வைக்கிறார்கள். இல்லையென்றால் நிரந்தர விக்கெட் கீப்பர் ஆக்குகிறார்கள். “குண்டா” என்ற பேர் வேறு. பத்து நாளில் “எனக்கு வரப் பிடிக்கல” என்பான். ஆகவே அவுட் ஆனால் உட்கார வைக்கும் ஆட்டங்களைத் தவிருங்கள். கல்லா மண்ணாவில் தொட்டவுடன் அவனே துரத்துபவன், ஒரு நொடியும் உட்காருவதில்லை. எடை பலமாக மாறும் ஆட்டங்களும் இருக்கின்றன: கபடியில் பாடி வருபவனைப் பிடித்து நிறுத்த இவனைப் போல் ஆள் கிடைக்க மாட்டான், கயிறு இழுப்பதிலும் அப்படியே. நீச்சலும் சைக்கிளும் மூட்டுக்கு இதம். சைக்கிள் சீட் உயரத்தை மட்டும் சரிபாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும், இல்லையென்றால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். வீட்டிலும் எடையைப் பற்றிப் பிறர் முன் பேசாதீர்கள், தினமும் மெஷினில் ஏற்றாதீர்கள்.

இனி, விளையாட்டு மட்டுமே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த எடையுள்ள பையன் அரை மணி வேகமாக நடந்தால் சுமார் 100 கலோரி செலவாகும். 50 கிராம் சிப்ஸ் பாக்கெட்டில் 270 கலோரிக்குக் குறையாது. ஆடி வந்த களைப்பில் ஒரு பாக்கெட் பிரித்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

உணவில் முதலில் கைவைக்க வேண்டியது டம்ளரில். பாலில் கலக்கும் பல மால்ட் பொடிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சர்க்கரைதான். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். 20 கிராம் பொடியில் 7 கிராம், மேலே போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம், காலை மாலை இரண்டு டம்ளர் என்றால் 34 கிராம். நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்ற அளவு பாலிலேயே தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட பானங்களை ஆன்லைன் கடைகள் “ஹெல்த் டிரிங்க்” என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. பால் கொடுங்கள், நாளுக்கு 400 மில்லி. சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். பழத்தை ஜூஸ் ஆக்காமல் கடித்துத் தின்னட்டும். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. இரண்டாம் முறை சோறு கேட்டால் மறுக்காதீர்கள், பத்து நிமிடம் கழித்து வையுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும். டிவி முன் சாப்பிட்டால் அந்தச் செய்தி கவனத்துக்கே வருவதில்லை. இதெல்லாம் அவனுக்கு மட்டும் என்றால் நடக்காது. வீட்டில் சிப்ஸ் இருந்து அவனுக்கு மட்டும் இல்லை என்றால் அவன் ஒளித்துத் தின்பான், வாங்காமலே இருங்கள்.

தூக்கம் 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. தூக்கம் குறைந்தால் பசி ஹார்மோன் கூடி, மறுநாள் இனிப்பும் பொரித்ததும் கேட்கும். இரவு ஒன்பதரைக்கு மொபைல் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும்.

சில அறிகுறிகள் வந்தால் எதற்கும் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். நொண்டி நடந்தாலோ, தொடையிலோ முழங்காலிலோ வலி என்றாலோ அன்றே இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பருமனான பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நோய் இந்த வயதை ஒட்டித்தான் வரும். வலி முழங்காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். “சுளுக்கு” என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் மூட்டு கெட்டுவிடும். இரவில் சத்தமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று வருவது, அடிக்கடி தலைவலியோடு பார்வை மங்குவது, தாகமும் சிறுநீரும் அதிகமாவது, ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வருவது ஆகியவையும் அப்படியே. ஓடி முடித்த சில நிமிடங்களில் இருமலும் வீசிங்கும் வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். மருந்து எடுத்துக்கொண்டு விளையாடலாம், விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை.

மாதம் ஒரு முறை, ஒரே மெஷினில், காலையில் சிறுநீர் கழித்தபின் எடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் இடுப்புச் சுற்றளவும். ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதல் இரண்டு மாதம் எடை அசையாமல் இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். நாம் கேட்டதே அதைத்தான். பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறதா, மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் எடை மாதம் அரை கிலோவுக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தால், அந்த நோட்டோடும் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடும் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள்.