கேளுங்க, சொல்றோம்: வீட்டுல கிடக்குற விஷத்துக்கு யார் காசு கட்டுறது?

கேள்வி: வீட்டை ஒழிச்சப்ப பழைய பெயிண்ட் டப்பா, தின்னர், பாதி தீர்ந்த பூச்சி மருந்து, ஃப்யூஸ் போன டியூப்லைட்டுன்னு ஒரு குவியலே வந்துச்சு. குப்பை வண்டியில வாங்க மாட்டேங்குறாங்க. குப்பைக்குன்னு வரி கட்டுறோம்ல, இதையும் சேர்த்து எடுத்துட்டுப் போனா என்னவாம்?

பதில்: வண்டிக்குள்ள எல்லாத்தையும் போட்டு அழுத்துறப்ப பாட்டில் உடையும்ங்க. கழிவறை கழுவுற ஆசிட்டும் ப்ளீச்சும் கலந்தா குளோரின் வாயு கிளம்பும், அதை முதல்ல மூச்சுல இழுக்குறது வண்டி பின்னாடி நின்னுக்கிட்டு வர்ற பணியாளர்தான். லித்தியம் பேட்டரி நசுங்கினா தீ. குப்பை வண்டியும் தரம் பிரிக்கிற ஷெட்டும் இதனால எரியுறது உலகம் பூரா நடக்குது. அதனால வாங்க மாட்டேன்னவர் சரியாத்தான் சொல்லியிருக்கார், ஆனா "அங்க கொண்டு போய்க் குடுங்க"ன்னு கை காட்ட ஒரு இடம் இருக்கணும்ல, பல ஊர்ல அதுதான் இல்ல.

சட்டமும் இதுக்கு ஒரு காரணம். அமெரிக்காவுல 1976-ல வந்த கழிவுச் சட்டத்துக்குக் கீழ, ஃபேக்டரியில இருந்து வெளிய போற தின்னருக்கு ஆயிரம் கட்டுப்பாடு, அதே தின்னர் வீட்டுல இருந்து போனா விலக்கு. வீடு வீடா போய் யார் சோதிக்கிறதுன்னு விட்டுட்டாங்க, விட்டதெல்லாம் உள்ளூர் நிர்வாகம் தலையில வந்து விடிஞ்சுது. ஐரோப்பிய யூனியன் 2018-ல சட்டத்தைத் திருத்தி, 2025 ஜனவரியில இருந்து வீட்டு அபாயக் கழிவைத் தனியா வாங்கியே ஆகணும்னு சொல்லிருச்சு. இந்தியாவுல 2016 திடக்கழிவு விதிகள், இந்தக் கழிவை வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம்னு கணக்கே குடுத்துச்சு. விதி போடுறது ஈஸி, அதுக்குக் காசு எந்தத் தலைப்புல இருந்து வருதுன்னு கேட்டாத்தான் எல்லாரும் மேல பார்ப்பாங்க.

உங்க குவியலை இப்போதைக்கு வேற பாட்டிலுக்கு மாத்தாம, லேபிள் கிழியாம, அதது டப்பாவுலயே இறுக்கி மூடி, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. சாக்கடையில மட்டும் ஊத்திராதீங்க.

கேள்வி: நான் வார்டு கவுன்சிலர். மானியம் வாங்கி, இந்த மாதிரிக் கழிவை வாங்க ஒரு நாள் கேம்ப் போட்டோம், நினைச்சதை விட ஜனம் வந்துருச்சு, கான்ட்ராக்டர் பில்லும் எகிறிருச்சு. அடுத்த வருஷம் மானியம் இல்லையாம். எப்படி பிளான் பண்றது?

பதில்: இந்த வேலையில இருக்குற கோணலே இதுதாங்க, நல்லா நடந்தா நஷ்டம். மத்த திட்டத்துல கூட்டம் வந்தா போட்டோ எடுத்துப் போடலாம், இதுல வர்ற ஒவ்வொரு டப்பாவும் பில்லுல ஏறும்.

பில்லைப் பிரிச்சுப் பாருங்க. பந்தலும் மேசையும் சில்லறைச் செலவு, பெரிய தொகை அதுக்கப்புறம் நடக்குறதுக்கு. கேம்ப்ல கெமிஸ்ட் ஒருத்தர் கையுறை போட்டுட்டு ஒவ்வொரு பாட்டிலா எடுத்து லேபிள் படிச்சு, ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடியதை மட்டும் ஒரே டிரம்முல அடுக்கி, இடுக்குல உறிஞ்சுற பொருளைக் கொட்டி மூடுவார் பாருங்க, அந்த டிரம்முதான் காசை முழுங்குது. முக்கால்வாசி இடத்தை உறிஞ்சுற பொருளே அடைச்சுக்கும், ஆனா நீங்க முழு டிரம்முக்கும் கட்டுறீங்க. தின்னர், எனாமல் மாதிரி எரியுறதையெல்லாம் ஒண்ணா ஊத்தி சிமென்ட் சூளைக்கு எரிபொருளா அனுப்பலாம், செலவு குறையும். எஞ்சின் ஆயிலுக்கும் கார் பேட்டரிக்கும் வாங்க ஆளே இருக்கு. பூச்சி மருந்துன்னா அதிக வெப்பத்துல எரிக்கிற ஆலைக்குத்தான் போகணும். அதையும் தாண்டி வில்லன் யாருன்னா லேபிள் இல்லாத பாட்டில், அது என்னன்னு டெஸ்ட் பண்ணவே தனிக் காசு.

எமல்ஷன் பெயிண்டை அந்த டிரம்முக்குள்ள விட்டிருந்தீங்கன்னா அங்கதான் காசு போச்சு. தண்ணியில கரையுற பெயிண்டு பெரும்பாலும் அபாயக் கழிவுல சேராது, மணலைக் கொட்டிக் காய வச்சா சாதாரணக் குப்பைதான். நல்லா இருக்குற டப்பாவைத் தனி அலமாரியில வச்சு வேணும்ங்கிறவங்க எடுத்துக்கட்டும்னு விட்டுருங்க, பல மையங்கள்ல இதைப் பண்றாங்க.

முதல் வருஷக் கணக்கை அப்படியே அடுத்த வருஷத்துக்குப் போடாதீங்க. முதல் தடவை வர்றது பல வருஷமா தேங்கிக் கிடந்த சரக்கு, அப்புறம் ஒரு வண்டிக்கு வர்ற எடை குறையும், வண்டி எண்ணிக்கை கூடும். அதனால டெண்டர்ல வண்டிக்கு இவ்வளவுன்னு போடாம, வகைக்கு கிலோவுக்கு இவ்வளவுன்னு ரேட் கேளுங்க. பக்கத்து ஊர்களோட பேசி நிரந்தரமா ஒரு மையம் போட முடிஞ்சா இன்னும் நல்லது, லாரி நிறைஞ்ச பிறகு அனுப்பலாம், பாதி லாரிக்கு முழு வாடகை கட்ட வேண்டாம்.

காசுக்கு என் ஓட்டு ஒண்ணுக்குத்தான். குப்பைக் கட்டணத்தோட வீட்டுக்கு வீடு ஒரு சின்னத் தொகையைச் சேர்த்து வாங்கி, வேற எதுக்கும் திருப்ப முடியாத தனிக் கணக்குல போடணும். மானியத்தை ஷெட்டு, தராசு, தீயணைப்புக் கருவின்னு ஒரு தடவை வாங்குறதுக்கு வச்சுக்கங்க, வருஷா வருஷம் வர்ற லாரி பில்லை மானியத்துல கட்ட நினைச்சா இப்ப நிக்கிற இடத்துலதான் நிப்பீங்க.

கேள்வி: எதுக்கு எல்லார்கிட்டயும் வாங்கணும்? கொண்டு வர்றவன் கேட்ல கட்டிட்டுப் போகட்டும்.

பதில்: கட்ட மாட்டான், ராத்திரி யாரும் பார்க்காதப்ப ஓடையில கொட்டுவான். ஓடையைச் சுத்தம் பண்ற காசு மறுபடி உங்க வரியில இருந்துதான் வரும்.

கேள்வி: தயாரிச்ச கம்பெனி கட்டக்கூடாதா?

பதில்: கட்டணும். அமெரிக்காவுல ஆரிகன் மாகாணம் 2009-ல பெயிண்டுக்கு அப்படிச் சட்டம் போட்டு 2010-ல நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு, விக்கிற ஒவ்வொரு டப்பாவுலயும் சின்னக் கட்டணம் சேரும், மிச்ச பெயிண்டை வாங்கி மறுசுழற்சி பண்றது தயாரிப்பாளர்கள் நடத்துற அமைப்போட பொறுப்பு. கடைசியில வாங்குறவர் பாக்கெட்ல இருந்துதான் போகுதுன்னு சொல்வீங்க, போகட்டுமே, பெயிண்டே வாங்காதவன் தலையில விழலையே. ஆனா எல்லாத்துக்கும் இது ஓடாது. தடை பண்ணின பழைய பூச்சி மருந்தைத் தயாரிச்ச கம்பெனி இப்ப இருக்குமான்னே சந்தேகம். டியூப்லைட்டையும் எடுத்துக்கங்க, அதுக்குள்ள பாதரசம் இருக்கு, பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தப்படி 2027-க்குள்ள அதோட தயாரிப்பை நிறுத்தணும்னு 2023-ல முடிவாச்சு. புதுசா விக்காதப்ப யார்கிட்ட கட்டணம் வாங்குவீங்க? வீடுகள்ல மாட்டியிருக்குறது மட்டும் அதுக்கப்புறமும் வந்துக்கிட்டே இருக்கும். அந்த மாதிரி சரக்குக்கு ஊர் நிதிதான் கதி.

கேள்வி: சின்னதா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். பழைய ஆயிலை வீட்டுக் கழிவுன்னு சொல்லி கேம்ப்ல குடுத்துரலாமா?

பதில்: கூடாதுங்க, அந்த விலக்கு வீட்டுக்கு மட்டும்தான். சில மையங்கள்ல சின்னத் தொழில்காரங்களுக்குன்னு தனி நாள் வச்சு, கட்டணம் போட்டு வாங்குறாங்க. உங்க ஊர் மையத்துல அது உண்டான்னு கேளுங்க, இல்லைன்னா ஆயில் மறுசுத்திகரிப்புக்கு எடுக்குறவங்க இருப்பாங்க. தின்னரை மட்டும் அதுல கலந்துராதீங்க, கலந்த ஆயிலை யாரும் தொட மாட்டாங்க.